ஒரு செல்லுக்குள் ஐந்து சாவு



செல்கள் திட்டமிட்டுச் சாகும் என்பது நமக்குத் தெரியும். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் காணாமல் போகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு விரல்களுக்கு நடுவே வாத்துக்கால் போல ஒரு சவ்வு இருக்கும். பிறப்பதற்கு முன்பே அது மறைந்து விரல்கள் தனித்தனியாகிவிடும். வாலை யாரும் வெட்டவில்லை, சவ்வை யாரும் கிழிக்கவில்லை. அந்தந்த இடத்துச் செல்கள் தாமே சுருங்கி, தம் டி.என்.ஏ.வைத் தாமே துண்டு துண்டாக்கி, சத்தமில்லாமல் இறந்துபோகின்றன. 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்க வார்த்தை அது.

இதில் ஒரு கணக்கு இருக்கு. கோடிக்கணக்கான செல்களில் சில லட்சம் போனால் உடம்புக்கு லாபம்தான். ஆனால் உடம்பே ஒரே ஒரு செல் என்றால்? அது செத்தால் எல்லாம் முடிந்தது. அப்போ ஒரு செல் உயிரிக்கு இந்த வித்தை எதுக்குன்னு தோணும். ஆனால் அதுக்கும் இது தேவைப்படுகிறது. செல்லைக் கொல்வதற்கு அல்ல, செல்லுக்குள் இருக்கும் உட்கருவை மட்டும் கொல்வதற்கு!

இதை நல்லா காட்டுகிற உயிரி டெட்ராஹைமினா. நாம் படம் வரைந்து பாகம் குறித்த பாரமீசியத்தின் சொந்தக்காரன். இரண்டும் சிலியேட் வகை. உடம்பெல்லாம் குற்றிழைகள், அதை அசைத்து நீந்தும். டெட்ராஹைமினா ரொம்பப் பொடிசு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதை வரிசையாக நிற்க வைக்கலாம். குளத்துத் தண்ணீரில் பாக்டீரியாவைத் தின்று வாழும். அற்பப் பூச்சின்னு நினைச்சுடாதீங்க. ஆர்.என்.ஏ.வே நொதி போல வேலை செய்யும் என்பதைத் தாமஸ் செக் கண்டுபிடித்தது இதில்தான் (1989 நோபல் பரிசு). குரோமோசோம் நுனியைக் காக்கும் டெலோமியரையும், அதைக் கட்டும் டெலோமரேஸ் நொதியையும் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் ஆகியோர் ஆராய்ந்ததும் இதை வைத்துத்தான் (2009 நோபல் பரிசு).

இதற்கு உட்கரு ஒன்று இல்லை, இரண்டு. பெரிய உட்கரு ஒன்று, சிறிய உட்கரு ஒன்று.

வீட்டுப் பத்திரத்தை நினைச்சுக்கோங்க. மூலப் பத்திரம் பீரோவுக்குள் பூட்டி இருக்கும். யாரும் அதைத் தொட மாட்டார்கள். கரண்ட் ஆபீஸ், பேங்க் என்று எங்கே போனாலும் கொண்டுபோவது ஜெராக்ஸ்தான். டெட்ராஹைமினாவின் சிறிய உட்கரு மூலப் பத்திரம். அதில் 5 ஜோடி குரோமோசோம் இருக்கும். செல் சாதாரணமாகத் தின்று வளர்ந்து இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் காலம் முழுக்க அதிலிருக்கும் ஜீன்கள் பேசவே பேசாது. பெரிய உட்கருதான் ஜெராக்ஸ் கட்டு. குரோமோசோம்கள் அங்கே 180-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் துண்டுகளாகி, ஒவ்வொன்றும் சுமார் 45 பிரதிகளாக இருக்கும். சாப்பாடு, நீச்சல், வளர்ச்சி என்று அன்றாடக் காரியம் அத்தனைக்கும் உத்தரவு போடுவது இதுதான்.

ஜெராக்ஸில் இருக்கும் குறையும் இதில் இருக்கு. சிறிய உட்கரு மறைமுகப் பகுப்பு முறையில், கதிர்க்கோல் போட்டு, சரிசமமாகப் பங்கு பிரிக்கும். பெரிய உட்கருவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேர்முகப் பகுப்பு. நடுவில் இறுகி, கிட்டத்தட்ட பாதிப் பாதியாகப் பிய்ந்துபோகும். யாருக்கு எந்தப் பிரதி போச்சுங்கறது அதிர்ஷ்டம். ஒரு ஜீனுக்கு அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு வடிவம் இருந்ததென்றால், பல தலைமுறை பிரிந்த பிறகு சில செல்களில் அம்மா வழிப் பிரதி மட்டும் மிஞ்சும், சிலவற்றில் அப்பா வழி மட்டும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்கிப்போவது போலத்தான். மூலம் மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும்.

இனி சாவுக்கு வருவோம். உணவு இருக்கும்வரை டெட்ராஹைமினா பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். பட்டினி வந்தால்தான் ஜோடி தேடும். இதில் ஆண், பெண் என இரண்டு பால் கிடையாது, 7 வகை உண்டு! வேறு வேறு வகையைச் சேர்ந்த இரண்டு செல்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் இணைவு. இனி நடப்பதை ஒரு செல்லை மட்டும் வைத்து எண்ணிக்கொண்டு வாங்க. விரல் விட்டு எண்ணலாம்.

முதலில் சிறிய உட்கரு குன்றல் பகுப்பு அடைந்து நான்காகிறது. நான்கும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். ஆனால் இரண்டு செல்லும் ஒட்டியிருக்கும் இணைப்பு ஓரமாகப் போய் நிற்கும் ஒன்றுதான் பிழைக்கும். பாக்கி மூன்றும் செல்லின் பின்பக்கத்தில் அழிக்கப்படும். மூன்று சாவு. பிழைத்தது ஒருமுறை பிரிந்து இரண்டாகும். அதில் ஒன்று இந்த வீட்டிலேயே தங்கும், மற்றொன்று இணைப்பைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போகும். அங்கிருந்தும் ஒன்று இங்கே வரும். வந்ததும் இருந்ததும் சேர்ந்து புது உட்கரு உண்டாகும். அது இரண்டு தடவை பிரிந்து நான்காகும். முன்பக்கம் நிற்கும் இரண்டும் பெரிய உட்கருவாக வளரத் தொடங்கும், பின்பக்கம் நிற்கும் இரண்டும் சிறியதாகவே இருந்துவிடும். நான்கிலும் ஒரே டி.என்.ஏ.தான், எது பெரியது எது சின்னது என்பதை நின்ற இடமே முடிவு செய்கிறது.

இப்போ செல்லுக்குள் கூட்டத்தைப் பாருங்க. வளரும் புதுப் பெரிய உட்கரு இரண்டு, சிறியது இரண்டு, போதாததற்கு இவ்வளவு நேரமும் வீட்டை நடத்திய பழைய பெரிய உட்கரு ஒன்று. அந்தப் பழையதுதான் நான்காவது சாவு. ஜோடி பிரிந்த பிறகு சிறியவை இரண்டில் ஒன்றும் அழிக்கப்படும். ஆக ஒரு செல்லுக்கு ஐந்து, ஜோடிக்குப் பத்து. செல் மட்டும் நீந்திக்கொண்டே இருக்கும்!

இந்த ஐந்தில் பெரிய சாவு நான்காவதுதான். 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, திட்டமிட்ட உட்கரு இறப்பு என்றே பெயரிட்டு எழுதினார்கள். அது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜோடி சேர்ந்து ஏழெட்டு மணி நேரத்துக்குப் பிறகு, புதிய உட்கருக்கள் வளரத் தொடங்கும் சமயம், பழைய பெரிய உட்கரு வேலையை நிறுத்துகிறது. அதன் ஜீன்கள் அமைதியாகின்றன. உள்ளே தளர்வாகக் கிடந்த குரோமேட்டின் இறுகிக் கெட்டியாகிறது. உட்கரு உருண்டு, சுருங்கி, செல்லின் பின்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. அதைச் சுற்றி ஒரு சவ்வு உறை போட்டுக்கொள்கிறது. பிறகு லைசோசோம்கள் வந்து அதோடு சேர்ந்து தம் அமிலத்தையும் நொதிகளையும் உள்ளே விடுகின்றன. அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயம் போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மற்ற உட்கருக்கள் பச்சையாக ஒளிரும்போது, அமிலம் புகுந்த இது மட்டும் சிவந்து தெரியும். கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது. செல் தன் உறுப்பைத் தானே சீரணிக்கும் இந்த முறைக்குப் பெயர் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட்டில் இதன் ஜீன்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது. வழக்கமாக ஆட்டோஃபேஜியில் செரிக்கப்படுவது ஒரு மைட்டோகாண்ட்ரியா அளவு சின்னப் பொருள். இங்கேயோ முழு உட்கருவையே விழுங்குகிறது!

டி.என்.ஏ. உடைவதும் கண்டபடி இல்லை. துண்டுகளை அளந்து பார்த்தால் சுமார் 200 கார இணை, 400, 600 என்று ஏணிப்படி மாதிரி வரும். ஏன்? மல்லிகைச் சரத்தை நினைச்சுக்கோங்க. ஹிஸ்டோன் புரத உருண்டைகளைச் சுற்றியிருக்கும் டி.என்.ஏ. பூ மாதிரி, உருண்டைக்கு உருண்டை நடுவே இருப்பது வெறும் நார். கத்தரி நாரில்தான் விழும், பூவில் விழாது. அதனால் ஒரு பூத் துண்டு, இரண்டு பூத் துண்டு, மூன்று பூத் துண்டு என்றுதான் கிடைக்கும், ஒன்றேகால் பூ கிடைக்காது. நம் உடம்பில் அப்போப்டோசிஸால் சாகும் செல்லிலும் இதே ஏணிப்படிதான் வரும். தலைப்பிரட்டையின் வாலுக்கும் குளத்து ஒரு செல் உயிரிக்கும் கைமுறை ஒன்றாக இருக்கு பாருங்க!

கத்தரி எங்கிருந்து வருகிறது? அப்போப்டோசிஸில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நமக்குச் சக்தி கொடுக்கும் பவர் ஹவுஸ் மட்டுமில்லை, சாவு உத்தரவு அனுப்பும் இடமும்கூட. டெட்ராஹைமினாவில் பழைய உட்கருவைச் சுற்றிய உறைக்குள் மைட்டோகாண்ட்ரியாக்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வதையும், டி.என்.ஏ.வை வெட்டும் நொதி அவற்றில் இருப்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள்.

இப்போ முக்கியமான கேள்வி. இத்தனையும் நடப்பது ஒரே சைட்டோபிளாசத்துக்குள். நடுவில் சுவர் இல்லை, தடுப்பு இல்லை. ஒரே சட்டிக் குழம்பில் கிடக்கும் ஐந்து காயில் ஒரு காயை மட்டும் கரைத்து, மற்ற நான்கையும் அப்படியே விடுகிற மாதிரி. எப்படி முடியுது? பதிலில் ஒரு பகுதி அந்த உறையிலேயே இருக்கு. சாகப்போகும் உட்கருவைச் சுற்றிய உறையில் மட்டும் சில சர்க்கரை மூலக்கூறுகளும், ஃபாஸ்ஃபாடிடைல் செரின் என்ற கொழுப்பும் வெளியே தெரிகின்றன. நம் உடம்பில் சாகும் செல்லும் இதே கொழுப்பைத்தான் வெளிப்புறம் காட்டும். வெள்ளணுக்கள் அதைப் பார்த்து வந்து விழுங்கும். அதாவது 'என்னை எடுத்துக்கோ' என்று கதவில் ஒட்டிய சீட்டு. புது உட்கருக்களின் மேல் அந்தச் சீட்டு இல்லை. லைசோசோம் கண்டுகொள்ளாமல் போய்விடும். இரண்டாவது, கத்தரி செல் முழுக்க அலையவில்லை. உறைக்கு உள்ளேயே அடைபட்டு வேலை செய்கிறது. உறை போடும் வேலைக்கு பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி அவசியம். அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2004-ல் வந்தது. பழைய உட்கரு சுருங்கியது, ஆனால் போகவில்லை. பாடை கட்டியாச்சு, தூக்க ஆள் இல்லை என்கிற கதை.

பழையது இருந்துட்டுப் போனா என்ன, எதுக்கு இந்தக் கொலைன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஜெராக்ஸையே திரும்ப நினைச்சுக்கோங்க. இணைவில் மூலப் பத்திரம் மாறிப்போச்சு. இரண்டு வீட்டுச் சொத்தும் கலந்து புதுப் பத்திரம் பதிவாகிவிட்டது. பழைய பத்திரத்தின் ஜெராக்ஸ் இன்னும் கையில் சுற்றிக்கொண்டிருந்தால் செல்லுக்கு இரண்டு எசமான். புதுசாக வந்த ஜீன்கள் பேச ஆரம்பிக்கும்போதே பழைய 45 பிரதிகளும் கூடவே கத்தும். இணைந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். இணைவுக்குப் பிறகு அம்மா அப்பா எங்கே, பிள்ளை எங்கே? உடம்பு அதே உடம்பு. அதே வாய், அதே குற்றிழைகள், அதே சைட்டோபிளாசம். யாரும் பிறக்கவில்லை. ஆனால் இணைந்து பிரிந்த டெட்ராஹைமினா சுமார் 40 முதல் 60 தடவை பிரியும்வரை மறுபடி ஜோடி சேர முடியாது. சின்னப் பிள்ளையாகவே இருக்கும். அப்படியென்றால் பெற்றோர் போய் பிள்ளை வந்தாச்சு என்றுதானே அர்த்தம்? பெற்றோர் இறந்த இடம் எது என்று கேட்டால், அந்தச் சுருங்கிய பழைய உட்கருவைத்தான் காட்ட வேண்டும்.

பழையது சும்மாவும் சாகவில்லை. போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்து கொடுத்துவிட்டுத்தான் போகிறது. சிறிய உட்கருவின் டி.என்.ஏ.வில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிய உட்கருவுக்கு வேண்டாதது. அதில் பல, இடம் விட்டு இடம் தாவும் ஜீன்களின் மிச்சம். புதுப் பெரிய உட்கரு வளரும்போது இப்படிப்பட்ட 10,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை வெட்டி எறிய வேண்டும். எது வேண்டும் எது வேண்டாம் என்று பச்சைக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? மோச்சிசுகி, கோரோவ்ஸ்கி குழுவினர் 2002-ல் இதற்கு விடை தந்தார்கள். குன்றல் பகுப்பின்போது சிறிய உட்கருவில் இருப்பதையெல்லாம் பொடிப் பொடி ஆர்.என்.ஏ.க்களாக நகல் எடுத்துப் பழைய பெரிய உட்கருவுக்கு அனுப்புகிறது செல். அங்கே ஒவ்வொன்றும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். 'இந்தப் பக்கம் என்கிட்டயும் இருக்கு' என்றால் அந்தப் பொடி ஆர்.என்.ஏ. கழிக்கப்படும். ஜோடி கிடைக்காமல் மிஞ்சியவை புது உட்கருவுக்குப் போய், தமக்குப் பொருந்தும் இடங்களில் அடையாளம் வைக்கும். அடையாளம் விழுந்த இடம் வெட்டப்படும். சுருக்கமாகச் சொன்னால், பழைய ஜெராக்ஸ் கட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கித்தான் புது ஜெராக்ஸ் தயாராகிறது. ரிட்டையர் ஆகிறவர் சார்ஜ் ஒப்படைத்துவிட்டுப் போவது மாதிரி.

ஒருவேளை புதுசு வரவே இல்லைன்னா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில வகை டெட்ராஹைமினாவில் சிறிய உட்கரு பழுதாகி இருக்கும். அதை நல்ல செல்லோடு ஜோடி சேர்த்தால், எதிர்ப் பக்கத்திலிருந்து உட்கரு வந்து சேரும், ஆனால் முதல் தடவை புதுப் பெரிய உட்கரு உருவாகாது. அப்போது பழைய பெரிய உட்கரு சாவதில்லை! இரண்டு செல்லும் தத்தம் பழையதையே வைத்துக்கொண்டு பிரிந்து போய்விடும். அடுத்த முறை இணையும்போது புதுசு உருவாகும், அப்போதுதான் பழசு போகும். வாரிசு தலையெடுக்காத வரைக்கும் கிழவர் சாவியை விடுவதில்லை.

நம்ம பாரமீசியம் இன்னும் உஷார் பேர்வழி. அது பழைய பெரிய உட்கருவை உடனே கரைத்துவிடாது. முதலில் அது நாடா நாடாவாக அவிழ்ந்து, 30, 40 துண்டுகளாகிச் செல்லுக்குள் சிதறிக் கிடக்கும். செல் பிரியப் பிரியத் துண்டுகள் பங்கு போய்க் குறைந்துகொண்டே வரும். இதற்குள் புது உட்கருவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மிச்சமிருக்கும் பழைய துண்டு ஒன்றே வளர்ந்து முழுப் பெரிய உட்கருவாகிச் செல்லைக் காப்பாற்றிவிடும். டெட்ராஹைமினா பழைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்குகிறது. பாரமீசியம் ஜன்னல், கதவை மட்டும் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. எது புத்திசாலித்தனம்னு நீங்களே சொல்லுங்க. என் ஓட்டு பாரமீசியத்துக்கு.

செல் உயிரோடு இருக்க உட்கரு மட்டும் அழிவது ஒரு செல் உயிரிகளோடு நிற்கவில்லை. தாவரவியலில் படித்த சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கரு கிடையாது. முதிரும்போது இழந்துவிடும், பக்கத்துத் துணைச் செல் அதைக் காப்பாற்றும். நம் சிவப்பணு உட்கருவை வெளியே தள்ளிவிட்டு வருகிறது. இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் கண்ணிலும் இது நடந்திருக்கிறது. விழிலென்ஸின் நடுவில் உள்ள நார்ச் செல்கள் தம் உட்கருவைத் தாமே கரைத்துவிட்டு, வெறும் தெளிவான புரதமாக, பல ஆண்டுகள் இருக்கின்றன. உட்கரு இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். அந்த டி.என்.ஏ.வைக் கரைக்கும் நொதி இல்லாத எலிகளுக்கு டி.என்.ஏ. கரையாமல் தங்கி, கண்புரை வந்தது என்று 2003-ல் கண்டார்கள்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டெட்ராஹைமினா நம் லேப் மைக்ராஸ்கோப்பில் வெறும் ஓடும் புள்ளிதான். பாரமீசியம் முயற்சி செய்யலாம். வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் குளத்துத் தண்ணீர் ஊற்றி, நாலைந்து நாள் நிழலில் வையுங்கள். பெருகிய பிறகு புது வைக்கோல் தண்ணீர் சேர்க்காமல் பட்டினி போட்டால், ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நீந்தும் ஜோடிகள் சில நேரம் கிடைக்கும். ஸ்லைடில் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் விடுங்கள் (ஆசிரியர் அனுமதியோடு!). சாதாரண பாரமீசியத்தில் நடுவே சிவப்பாக ஒரே ஒரு பெரிய உருண்டை தெரியும். அப்படி இல்லாமல் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் உடனே மற்றவர்களையும் கூப்பிடுங்கள். அது இப்போதுதான் ஜோடி பிரிந்து வந்த ஒன்றாக இருக்கலாம்.